நூற்றுக்கு இருபது

‘ஓனிங் மஹோனி’ என்ற படம் 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் எடுத்ததல்ல. கனடாவையும் பிரிட்டனையும் சேர்ந்தவர்கள் சிறிய முதலீட்டில் கூடி எடுத்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, அழகான ஊர்க் காட்சிகளும் இல்லை. தொளதொளத்த கோட்டும் பெரிய மூக்குக் கண்ணாடியும் மீசையுமாக, டொராண்டோ நகரத்து வங்கி அதிகாரி ஒருவன் 104 நிமிடம் நம் முன்னால் நடமாடுகிறான். அவ்வளவுதான். ஆனால் சூதாட்டத்தைப் பற்றி நான் பார்த்த படங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நம் ஏட்டின் இந்தப் பகுதியில் வழக்கமாக ஒரு நூலையோ ஒரு வரலாற்றுச் செய்தியையோ எடுத்துக்கொண்டு படிப்போம். இம்முறை ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் மும்பையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், கதாநாயகன் வங்கிக்காரனாக இருப்பது எனக்கு ஒரு சௌகரியம். படத்தில் அவன் வவுச்சரைக் கையில் எடுக்கும்போதே அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று எனக்கு நெஞ்சு படபடக்கும். மற்றவர்களுக்கு அந்தப் படபடப்பு சற்றுப் பின்னால்தான் வரும்.

கதை கற்பனை அல்ல. 1980 முதல் 1982 வரை, ஏறத்தாழ பதினெட்டு மாதங்களில், டொராண்டோவின் ஒரு பெரிய வங்கியில் உதவி மேலாளராக இருந்த இளைஞர் ஒருவர் ஒரு கோடியே இரண்டு லட்சம் கனடா டாலரை வங்கியிலிருந்து எடுத்துச் சூதாடித் தோற்றார். அந்நாள் வரை அந்த நாட்டில் தனியொருவர் செய்த வங்கி மோசடிகளில் அதுவே மிகப் பெரியது. கேரி ஸ்டீபன் ராஸ் என்ற எழுத்தாளர் இதை விசாரித்து 1987-இல் ‘ஸ்டங்’ என்ற நூலாக எழுதினார். அந்த நூலைத் தழுவி ரிச்சர்ட் க்வியட்னியோவ்ஸ்கி இயக்கிய படம் இது. படத்தில் அவன் பெயர் டான் மஹோனி. நடித்தவர் பிலிப் சீமோர் ஹாஃப்மன். பின்னாளில் ‘கபோட்டி’ என்ற படத்துக்காக 2006-இல் ஆஸ்கர் பெற்றவர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஹோனிக்கு வங்கியில் பதவி உயர்வு கிடைக்கிறது. கடன் வழங்கும் அதிகாரம் கைக்கு வருகிறது. அதே சமயம் பந்தயத் தரகன் ஒருவனுக்குப் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல் பாக்கி வைத்திருக்கிறான். தரகன் நெருக்குகிறான். மஹோனி வாடிக்கையாளர் ஒருவருடைய கடன் கணக்கில் கூடுதலாக எழுதி அந்தப் பணத்தை எடுக்கிறான். அடுத்த வாரம் ஜெயித்துத் திருப்பிக் கட்டிவிடுவதாக எண்ணம். அப்புறம் இல்லாத ஆட்களின் பெயரிலும் கடன் எழுதுகிறான். தரகனிடம் குதிரை, விளையாட்டுப் பந்தயம் என்று தொடங்கியது அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகள் வரை போகிறது. வெள்ளிக்கிழமை மாலை பணப்பெட்டியோடு விமானம் ஏறுவான். திங்கட்கிழமை காலை கசங்கிய கோட்டோடு மேசைக்கு வந்துவிடுவான். தரகனின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட போலீஸ் கடைசியில் இவனிடம் வந்து சேர்கிறது. வங்கி தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனிப் படிக்க வேண்டிய இடங்களுக்கு வருவோம்.

முதலாவது, மஹோனி பணத்துக்காக ஆடவில்லை. சூதாட்டம் என்றால் பேராசை என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் படம் அதை மறுக்கிறது. லட்சம் லட்சமாக எடுக்கிற இவன் பழைய கார்தான் ஓட்டுகிறான். புதுச் சட்டை வாங்குவதில்லை. விடுதிக்காரர்கள் பெரிய அறை, மது, பெண் என்று எதை எதையோ அனுப்பிப் பார்க்கிறார்கள். எதுவும் வேண்டாம் என்கிறான். இறைச்சி விலா எலும்பு ஒரு தட்டு, குழம்பு இல்லாமல், கூட ஒரு கோக் கேட்கிறான். விடுதியின் மேலாளராக ஜான் ஹர்ட் நடித்திருக்கிறார். கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து திரையில் இவனைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருவது ஏறத்தாழ பக்தி. எதற்கும் மயங்காமல் மேசையை மட்டுமே பார்க்கும் ஒரு சூதாடி அவருக்கு வரம் கிடைத்த மாதிரி.

இவன் ஓர் இரவில் பெருந்தொகை ஜெயிக்கிறான். வங்கியில் எடுத்ததையெல்லாம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடிய தருணம் அது. பார்த்துக்கொண்டிருக்கும் நாம் எழுந்திரு, எழுந்திரு என்கிறோம். அவன் எழுந்திருப்பதில்லை. ஜெயித்த பணம் அவனுக்குப் பணம் இல்லை. இன்னும் சில மணி நேரம் மேசையில் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு. விடியும்போது அதுவும் போய்விடுகிறது. வெற்றியைத் தூண்டிலுக்கு ஒப்பிட்ட வள்ளுவர் (பொருட்பாலில் 94-ஆவது அதிகாரம் முழுவதும் சூதுதான்) இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார். சூதாடியின் தோல்வியை எல்லோரும் எழுதலாம். வெற்றிதான் ஆபத்து என்று கண்டுகொள்வதற்கு ஒரு கண் வேண்டும்.

தரகன் வரும் காட்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பேஸ்பால் பந்தயத்தில் மஹோனி, ஒரு பிரிவில் சொந்த ஊரில் ஆடும் அணிகள் எல்லாவற்றின் மீதும், இன்னொரு பிரிவில் வெளியூரிலிருந்து வரும் அணிகள் எல்லாவற்றின் மீதும் கட்டச் சொல்கிறான். எந்த அணி, யார் ஆடுகிறார்கள், எதுவும் அவனுக்குத் தேவையில்லை. இதைக் கேட்ட தரகனுக்கே மனம் கேட்கவில்லை. பணம் வாங்கிப் பிழைக்கிறவன் அவன், அவனுக்கே வருத்தம். விளையாட்டு அறிவு, கணக்கு, சாமர்த்தியம் என்று சூதாடிகள் சொல்லிக்கொள்வதெல்லாம் எவ்வளவு தூரம் மேல்பூச்சு என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

சரி, விடுதி எப்படி ஜெயிக்கிறது? வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள்: ஒன்று முதல் 36 வரை, ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஓர் எண்ணின் மீது ஒரு ரூபாய் வைத்து அது விழுந்தால், வைத்த ரூபாயையும் சேர்த்து 36 ரூபாய் கையில் வரும். 38 எண்களிலும் தலைக்கு ஒரு ரூபாய் வைத்தால் 38 போய் 36 வரும். இரண்டு ரூபாய் விடுதிக்கு. நூற்றுக்கு 5.26. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சூதாடி ஒரு முறை வைத்துவிட்டுப் போவதில்லை. நூறு ரூபாயை ஒரு மாலையில் இருபது முறை வைத்தால் வைத்த தொகை மொத்தம் 2,000. அதில் 5.26 விழுக்காடு 105 ரூபாய். கொண்டுபோன நூறும் போய்ச் சராசரியில் ஐந்து ரூபாய் கடனும் ஆகிறது. விடுதிக்கு ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும். ஜான் ஹர்ட் பாத்திரத்தின் வேலையே அதுதான்.

இத்தனை முறை தோற்றுவிட்டோம், இனி வந்தே தீரும் என்ற நினைப்பும் ஒன்று உண்டு. 1913-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ விடுதியில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புத்தான் என்று கட்டிக் கட்டியே அன்றிரவு பலர் அழிந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. முந்தின முறை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது.

மும்பைவாசிகளான நமக்கு இதெல்லாம் அட்லாண்டிக் சிட்டி விஷயம் அல்ல. மட்கா இந்த ஊரில் பிறந்தது. நியூயார்க் பருத்திச் சந்தையிலிருந்து தந்தியில் வரும் விலையின் கடைசி எண்ணைப் பந்தயம் கட்டுவதில் தொடங்கி, அந்த வழி நின்றபின் பானையில் சீட்டுப் போட்டு எடுப்பதாக மாறியது. கல்யாண்ஜி பகத் 1962-இலும் ரத்தன் கத்ரி 1964-இலும் தொடங்கிய ஆட்டங்கள் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் முழுவதும் பரவின. ஒற்றை எண்ணுக்கு ஒரு ரூபாய் கட்டினால் ஒன்பது ரூபாய். பத்து எண்களுக்கும் கட்டினால் பத்துப் போய் ஒன்பது வரும். நூற்றுக்குப் பத்து. அட்லாண்டிக் சிட்டிக்காரன் எடுப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தாராவியிலும் சயானிலும் அன்று குடியிருந்த நம்மவர்களில் ‘ஓப்பன்’, ‘குளோஸ்’ என்ற சொற்கள் தெரியாதவர்கள் குறைவு.

என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் இன்று இல்லை. எண்பதுகளில் எங்கள் கிளையில் எழுத்தராக இருந்தார். நல்ல கையெழுத்து, கூட்டல் பிசகாது. முதலில் கூட்டுறவுச் சங்கக் கடன், பிறகு வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம், பிறகு தெரிந்தவர்களிடம் கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், ஊரில் வீட்டுக்குக் கூரை. நம்பாமல் இருக்க முடியாத காரணங்கள், ஏனென்றால் நம் எல்லோருக்கும் அதே செலவுகள் ஊரில் இருந்தன. ஊர் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் யாரும் போய்ச் சரிபார்க்கவும் முடியாது. வெளியூர் பிழைப்புக்காரனுக்கு இது ஒரு வசதி. அந்த வசதி எவ்வளவு கெடுதல் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு நவராத்திரிக்கு அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தாள். தாலிக்கொடி போன இடத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள். “செயின் அறுந்துபோச்சு மாமி, கடையில் குடுத்திருக்கு” என்றாள். பத்து மாதம் கழித்து ஏதோ பேச்சில் “இன்னும் கடையிலேயேவா இருக்கு?” என்று இவள் கேட்டபோது அழுதுவிட்டாள். ஹிந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. இந்த ஊரில் சொல்லி அழ உறவும் இல்லை. கட்டடத்துப் பெண்கள் போட்ட ஏலச் சீட்டுப் பணமும் அவள் கையிலிருந்து போயிருந்தது. அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

படத்தில் மஹோனியின் காதலி பெலிண்டாவாக மின்னி டிரைவர் நடித்திருக்கிறார். அதே வங்கியில் வேலை பார்க்கும் பெண். பாவம், அவளைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாள் நினைவுதான். விடுமுறை என்று லாஸ் வேகாஸுக்கு அழைத்துப் போய், அவளை அறையில் விட்டுவிட்டு இவன் மேசைக்குப் போய்விடுகிறான். அவள் சண்டை போடுகிறவள் அல்ல. விமர்சகர்கள் சிலர் இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, இப்படியும் ஒருத்தி பொறுப்பாளா என்றார்கள். அவர்கள் நம் கட்டடங்களில் குடியிருந்ததில்லை போலும்.

வங்கிக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மஹோனியால் இவ்வளவு எடுக்க முடிந்ததற்குக் காரணம் அவன் மூளை அல்ல. கடனை எழுதுபவனும், அனுமதிப்பவனும், பணத்தை வெளியே அனுப்புபவனும் நடைமுறையில் ஒரே ஆளாக இருந்ததுதான். போடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இரண்டாவது அரிச்சுவடி விடுப்பு. லீவே எடுக்காமல் உழைக்கும் ஊழியரைப் பாராட்டுவது பழைய வழக்கம். ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் பத்து நாள் உட்கார்ந்தால்தான் மேசை இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று தெரியும். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து பத்து வேலை நாள்களுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் உத்தரவு போட்டிருக்கிறது. படத்தில் தணிக்கைக்காரர்கள் வரும் காட்சியைப் பாருங்கள். மரியாதையான, சாதுவான, கடுமையாக உழைக்கும் இளைஞன் என்ற பெயரே அவனுக்குக் கவசமாக இருக்கிறது.

இனி மீட்சிக்கு வருவோம். நம் படங்களில் சூதாடி திருந்துவதென்றால் கோயில் மணி அடிக்கும், மனைவி காலில் விழுவான், இசை உயரும். இங்கே ஒன்றும் இல்லை. மஹோனிக்கு ஆறாண்டு சிறைத் தண்டனை. அதற்கு முன் ஒரு மனநல ஆலோசகருடன் உட்கார்ந்திருக்கிறான். அவர் கேட்கிறார்: சூதாட்டம் தரும் கிளர்ச்சிக்கு நூற்றுக்கு எவ்வளவு மதிப்பெண் தருவாய்? நூறு என்கிறான். அது தவிர வாழ்க்கையில் உனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷத்துக்கு? யோசித்து, இருபது என்கிறான். அப்படியானால் இனி வாழ்நாள் முழுவதும் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு உன்னால் இருக்க முடியுமா?

படத்தின் உயிர் இந்தக் கேள்விதான். திருந்து, உத்தமனாக இரு, கடவுளை நினை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நூறைத் தெரிந்தவன் இருபதோடு குடித்தனம் நடத்த வேண்டும். காலைக் காப்பி, மின்சார ரயில், சம்பள நாள், குழந்தையின் பரீட்சை எல்லாம் அந்த இருபதுக்குள் அடக்கம். நமக்கெல்லாம் அது நிறைந்த வாழ்க்கை. அவனுக்கு அது உப்பில்லாச் சோறு. அதைத் தின்றே பழக வேண்டும். இருபது போதும் என்ற பாவனையில் ஹாஃப்மன் தலையசைக்கும்போது அவர் கண்ணில் தெரிவது நம்பிக்கை அல்ல, களைப்பு. அதைத்தான் நான் நம்புகிறேன். பெலிண்டா அவனைக் கைவிடவில்லை. உண்மையான அந்த மனிதரும் பிறகு சூதாடவில்லை என்று படம் சொல்லி முடிகிறது. ஆனால் அவருக்காக விமானமும் உபசாரமும் ஏற்பாடு செய்த சூதாட்ட விடுதிக்குக் கிடைத்த தண்டனை ஒரு நாள் மூடிவைத்தது மட்டுமே. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வேண்டாம். (ஹாஃப்மனே போதைப் பழக்கத்தோடு பல ஆண்டுகள் போராடியவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் விலகி இருந்து, மீண்டும் விழுந்து, 2014 பிப்ரவரியில் இறந்தார். அதைத் தெரிந்துகொண்டு இந்தக் கடைசிக் காட்சியைப் பார்ப்பது கடினமாக இருக்கிறது.)

மீட்சி என்பது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதற்குப் பெரியவர்களிலும் சாட்சி உண்டு. ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தயேவ்ஸ்கி ‘சூதாடி’ நாவலை 1866-இல் ஒரு மாதத்துக்குள் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார். எழுதிக்கொடுத்த அன்னா அடுத்த ஆண்டு அவர் மனைவியானாள். நாவலில் எல்லாவற்றையும் புரிந்து எழுதிய மனிதர் அதன் பிறகும் ஐந்தாண்டு ஆடினார். மனைவியின் நகையும் உடையும் அடகுக்குப் போயின. 1871-இல்தான் அவர் நிறுத்தினார். புரிந்துகொள்வது வேறு, நிறுத்துவது வேறு.

எங்கள் எழுத்தரும் இரண்டு முறை நிறுத்தி இரண்டு முறையும் மீண்டும் போனார். மூன்றாவது முறை யூனியன் தோழர்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். சம்பளம் நேரே மனைவி கைக்கு. தினம் ரயில் பாஸும் ஐந்து ரூபாயும் மட்டும் அவருக்கு. கடன்கள் ஒரு தாளில் எழுதப்பட்டன, சிறியது முதலில். ஏலச் சீட்டுப் பணம் எல்லாவற்றுக்கும் முன்னால். பிரசங்கம் யாரும் செய்யவில்லை. மாலை ஆறு மணிக்கு, எண் வரும் நேரத்துக்கு, யாராவது ஒருவர் அவரோடு ஸ்டேஷன் வரை நடந்தார்கள். நான்கரை ஆண்டு ஆயிற்று.

மருத்துவம் இதை நோய் என்று ஏற்க நாளாயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-இல்தான் இது இடம் பெற்றது. மது, போதைப் பழக்கங்களோடு ஒரே வகுப்பில் சேர்த்தது 2013-இல். இழந்ததை மீட்கத் துரத்துவது, எவ்வளவு ஆடுகிறோம் என்று பொய் சொல்வது, நிறுத்த முயன்று முடியாமல் எரிச்சல் கொள்வது ஆகியவை அதில் சொல்லப்படும் அடையாளங்களில் சில. தனக்கு இருப்பது பணமுடை மட்டும்தான், சூதாட்டப் பிரச்சினை இல்லை என்று மஹோனி கடைசிவரை நம்புகிறான். அதையும் அடையாளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன்.

இன்று பான் கடைக்கோ அட்லாண்டிக் சிட்டிக்கோ போக வேண்டாம். சட்டைப் பையிலேயே மேசை இருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கைப்பேசி ரம்மி பல ஆண்டு நடந்தது. தமிழ்நாடு 2022-இல் அதற்குத் தடைச் சட்டம் இயற்றியது. திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. சட்டம் வந்த பிறகும் பிள்ளைகளின் கைப்பேசியில் கிரிக்கெட் பருவத்தில் என்ன ஓடுகிறது என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் அறிய முடியும்.

படம் ஆங்கிலத்தில் உள்ளது. வசைச்சொற்கள் உண்டு, சில காட்சிகள் சிறுவர்களுக்கு ஆகாது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம். பார்த்து முடித்ததும் அந்த நூறு, இருபது கேள்வியை வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள், பெரியவர்களிடமும். பதில்களை எனக்கு எழுதினால் மகிழ்வேன், பெயர் போட வேண்டியதில்லை.

கேள்வியைத் தாண்டி உதவி தேவைப்படும் வீடு ஏதாவது இருந்தால், அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.